துண்டுக்குள் நாலு விரல்

செலக்கரிச்சல், சூலூர் வட்டம்
6 ஆகஸ்ட் 2025

மெர்சி அம்மணிக்கு, பொங்கியண்ணன் எழுதுவது.

ஆடிப்பெருக்கு அன்று நானும் என் வீட்டுக்காரி பழனியாத்தாளும் அவிநாசி ரோட்டில் உங்கள் ஷோரூமுக்கு வந்திருந்தோம். வெள்ளை செடானில் அவளை முன்சீட்டில் உட்காரவைத்து, பொத்தானை அமுக்கி சீட்டை ஏற்றி இறக்கிக் காட்டியது நீங்கள்தான். ரெண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனவள். என் ஜீப்பில் ஏறிப் பதினாலு மாதம் ஆகிறது. அன்றைக்கு யார் தோளையும் பிடிக்காமல் ஏறி, யார் தோளையும் பிடிக்காமல் இறங்கினாள். அதைப் பார்த்துத்தான் இந்தக் காருக்கு ஒப்புக்கொண்டேன். மற்றபடி ஐம்பத்திநாலு லட்சத்துக்குக் கார் வாங்குகிற கிறுக்கு எனக்கு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கே உங்கள் மேனேஜர் அஃப்தாப்புக்கும் எனக்கும் விலை முடிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து, மேலே என் துண்டைப் போட்டு, நாலு விரலை அமுக்கினேன். நாலு லட்சம் குறைக்க வேண்டும் என்று அர்த்தம். மாட்டுச் சந்தையில் விலை ஒத்துவராவிட்டால் கையை உதறிவிடுவார்கள். அவர் உதறவில்லை. நன்றாகக் குலுக்கினார். "ரொம்ப சந்தோஷம் சார்" என்று வேறு சொன்னார். துண்டுக்குள் முடிந்த விலையை எங்கள் பக்கத்தில் யாரும் மாற்றிப் பேசமாட்டார்கள்.

நேற்று உங்கள் கொட்டேஷன் வந்தது. அதில் ஒன்றரை லட்சம்தான் குறைத்திருக்கிறது. மீதி ரெண்டரை எங்கே போனது என்று மேனேஜரிடம் கேட்டு எழுதவும்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். போனில் பேசின விலையை நம்பிக் கொப்பரை வியாபாரத்தில் ஒரு லோடு தோற்றவன் நான். அன்றிலிருந்து எதுவும் காகிதத்தில் இருந்தால்தான் நம்புவேன்.

பொங்கியண்ணன்


கோயமுத்தூர்
11 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தை மேனேஜரிடம் காட்டினேன். அவர் ரெண்டு தடவை படித்தார். பிறகு போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

ஐயா, அவர் சென்னையில் பிறந்து வளர்ந்தவர். நீங்கள் துண்டைப் போட்டதும் தனக்கு மரியாதை செய்கிறீர்கள் என்று நினைத்துவிட்டார். கோயமுத்தூர்க்காரர்கள் எவ்வளவு பண்பானவர்கள் என்று அன்று சாயங்காலம் வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார். விரலை அமுக்கியது அவருக்குத் தெரியும். ஆனால் அது விலை என்று தெரியாது. நாலு லட்சம் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரத்திலேயே இல்லை என்று எழுதச் சொன்னார்.

மொத்தமாகப் பணம் போடுவது சிரமம் என்றால் லீஸ் முறை இருக்கிறது. மாதம் இவ்வளவு என்று மூன்று வருடம் கட்டி ஓட்டலாம். மூன்று வருடம் முடிந்ததும் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிது எடுத்துக்கொள்ளலாம். அதற்கான தாளை இணைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

மெர்சி
விற்பனை ஆலோசகர்


செலக்கரிச்சல்
16 ஆகஸ்ட் 2025

மெர்சி அம்மணிக்கு,

லீஸ் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்குப் பதினெட்டு ஏக்கர் தோப்பு. அதில் பாதியைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். குத்தகைக்கு எடுத்தவன் மரத்தை எப்படி வைத்திருக்கிறான் என்று தினமும் பார்க்கிறேன். ஆகவே குத்தகை என்றால் என்ன என்று எனக்கு யாரும் தாள் போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூணு வருசம் பணத்தைக் கட்டிவிட்டு, சாவியையும் கொடுத்துவிட்டு, ரோட்டோரம் நிற்க நான் ஆள் இல்லை.

மேனேஜருக்குத் துண்டு தெரியாதாம். நாற்பது வருசமாக நான் எத்தனையோ பேர் கையைப் பிடித்திருக்கிறேன். யாரும் 'எனக்கு மரியாதை செய்தீர்கள் என்று நினைத்தேன்' என்று சொன்னதில்லை. தெரியாத வேலைக்குக் கையை நீட்டியது அவர் தப்பு. அதற்கு என் ரெண்டரை லட்சமா நட்டம்?

நாலு லட்சம். அதில் ஒரு ரூபாய் இறங்கமாட்டேன்.

பொங்கியண்ணன்


கோயமுத்தூர்
8 செப்டம்பர் 2025

ஐயா,

இந்தக் கடிதத்தை ஷோரூம் லெட்டர்ஹெட்டில் எழுதவில்லை. இது என் சொந்தக் காகிதம். மூன்று வாரம் எழுதலாமா வேண்டாமா என்று வைத்திருந்துதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீங்கள் துண்டைப் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. என் சொந்த ஊர் ஈரோடு கருங்கல்பாளையம். வியாழக்கிழமைச் சந்தையில் என் அப்பா விற்க வந்த மாடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு மாட்டுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் போவேன். துண்டு மேலே அசைகிறதைப் பார்த்தே எந்த விரல் என்று சொல்லிவிடுவேன். உங்களுடையதும் நாலு என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அப்போதே மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அத்தனை பேர் நடுவில் 'சார், இது சந்தை வழக்கம், எனக்குத் தெரியும்' என்று சொல்ல வாய் வரவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் எங்கே வளர்ந்தேன், அப்பா என்ன வேலை செய்தார் என்று வரிசையாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கூச்சப்பட்டுவிட்டேன். என் கூச்சத்தால் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் இத்தனை இழுபறி. மன்னிக்க வேண்டும்.

மெர்சி


செலக்கரிச்சல்
12 செப்டம்பர் 2025

மெர்சி அம்மணிக்கு,

கடுதாசி கிடைத்தது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தது தப்புதான். அதை ஒப்புக்கொண்டது பெரிய மனசு. உங்கள் அப்பா செய்த வேலையில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. கயிற்றைப் பிடித்து நிற்கிறவர் ஒழுங்காக இருந்தால்தான் சந்தையில் வியாபாரமே நடக்கும்.

ஆக, எனக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. நாலு விரலைக் கண்ணால் பார்த்த சாட்சி. இதை மேனேஜரிடம் சொல்லி நாலு லட்சத்துக்குப் புதுக் கொட்டேஷன் வாங்கி அனுப்பவும்.

பொங்கியண்ணன்


கோயமுத்தூர்
24 செப்டம்பர் 2025

ஐயா,

மனம் திறந்து ஒரு விஷயம் எழுதினால் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டீர்கள். படித்ததும் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. ஆனாலும் போய் மேனேஜரிடம் சொன்னேன். சந்தை, துண்டு, அப்பா எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் என்னையே கையை நீட்டச் சொல்லி, ஒரு டிஷ்யூ பேப்பரை மேலே போட்டு, எந்த விரல் எவ்வளவு என்று கற்றுக்கொண்டார்.

அவர் தலைமை அலுவலகத்தில் பேசி, ஒன்றரையை மூன்று லட்சம் ஆக்கியிருக்கிறார். இந்த மாடலுக்கு இந்த வருடம் யாருக்கும் இவ்வளவு கொடுக்கவில்லை. அதோடு திங்கட்கிழமை முதல் அரசாங்க வரியும் குறைந்திருக்கிறது. அதில் தனியாக ரெண்டே கால் லட்சம் இறங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நீங்கள் கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு டெலிவரி எடுக்கலாம். தயவுசெய்து ஒரு கையெழுத்துப் போடுங்கள்.

மெர்சி


செலக்கரிச்சல்
29 செப்டம்பர் 2025

மெர்சி அம்மணிக்கு,

வரியைக் குறைத்தது அரசாங்கம். உங்கள் கம்பெனி இல்லை. அரசாங்கம் கொடுத்ததை நீங்கள் கொடுத்த கணக்கில் எழுதக்கூடாது. நீங்கள் இன்னும் ஒரு லட்சம் குறைக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆகஸ்டில் நான் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் ரெண்டே கால் லட்சம் போயிருக்கும். பொறுத்திருந்தேன், இறங்கியது. பழனியாத்தாள் "எப்பங்க வருது காரு"ன்னு தினமும் கேட்கிறாள். பொறு பொறு என்று சொல்லியிருக்கிறேன். கார்த்திகையில் பவானியில் அவள் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். அதற்குள் நீங்கள் நாலுக்கு வந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். புதுக் காரில்தான் வந்து இறங்குவோம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

பொங்கியண்ணன்


கோயமுத்தூர்
10 நவம்பர் 2025

ஐயா,

தீபாவளியும் போய்விட்டது. மேனேஜர் உங்கள் பேரைச் சொன்னாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். மூன்று லட்சத்துக்கு மேல் இந்த மாதம் அசைய முடியாது. பத்து தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்று எழுதுவது விலைக்காக இல்லை. சனிக்கிழமை அம்மா எனக்குப் போன் செய்தார். என் விசிட்டிங் கார்டை அரிசி அளக்கிற படிக்குள் போட்டு வைத்திருந்தாராம். "ஏங் கண்ணு, முப்பதாந்தேதி கல்யாணம். அதுக்குள்ள அந்தக் காரு வருமா வராதா, உள்ளதைச் சொல்லு. வராதுன்னா நானு மனசைத் தேத்திக்கோணும்" என்றார். தங்கச்சிக்குக் கல்யாணம் ஆனபோது இவர்தான் தாய் இடத்தில் நின்றாராம். இப்போது கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்குத் தொட்டில் கட்டியதும் இவர்தானாம். எல்லாவற்றையும் சொன்னார்.

அதனால் மேனேஜரிடம் தனியாக ஒரு அனுமதி வாங்கியிருக்கிறேன். எங்கள் டெஸ்ட் டிரைவ் காரை 29, 30 இரண்டு நாளும் டிரைவரோடு உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறோம். அதே கார், அதே சீட். வாடகை இல்லை, கையெழுத்து இல்லை, பிறகு வாங்கியே ஆக வேண்டும் என்றும் இல்லை. அம்மா கல்யாணத்துக்குப் போய்வரட்டும். விலையைப் பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசிக்கொள்வோம்.

மெர்சி


செலக்கரிச்சல்
14 நவம்பர் 2025

மெர்சி அம்மணிக்கு,

நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனால் உங்கள் மேனேஜர் எதற்கு அனுமதி கொடுத்தார் என்று எனக்குத் தெரியும். மாட்டை ரெண்டு நாள் வாங்குகிறவன் கட்டுத்தறியில் கட்டிவிட்டால், அப்புறம் அவன் விலை பேசமுடியாது. வீட்டில் இருக்கிற பெண்டு பிள்ளைகள் அதற்குப் பேர் வைத்துவிடும். இவள் ரெண்டு நாள் அந்தக் காரில் போய்வந்தால் மூணாம் நாள் நான் உங்கள் விலைக்கு வந்தாக வேண்டும். அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

மேலும் இரவல் காரில் போய்ப் பந்தலில் இறங்கினால், கண்ணாடியில் 'டெஸ்ட் டிரைவ்' என்று எழுதியிருப்பதைப் படிக்காத ஆள் அங்கே யாரும் இல்லை. வாடகைக் கார் எடுக்கலாமே என்று பழனியாத்தாளும் கேட்டாள். புதுக் கார் வாங்குகிறேன் என்று சொன்னவன் வாடகைக் காரில் வந்தான் என்று பேர் வாங்கவா? ஜீப்புக்கு ஒரு ஸ்டூல் செய்யச் சொல்லியிருக்கிறேன். அதில் கால் வைத்து ஏறிக்கொள்ளலாம்.

இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. ஒரு லட்சம்தான் பாக்கி. மேனேஜர் நினைத்தால் இன்றைக்கே முடியும்.

பொங்கியண்ணன்


செலக்கரிச்சல்
3 டிசம்பர் 2025

மெர்சி அம்மணிக்கு,

என் போன கடுதாசிக்கு நீங்கள் பதில் போடவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. நான் மட்டும் போய்வந்தேன். ஸ்டூல் உயரம் போதவில்லை. விடியற்காலையில் பட்டுச்சேலை கட்டி ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ரெண்டு தடவை காலைத் தூக்கிப் பார்த்தாள். மூணாவது தடவை தூக்கவில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பந்தலில் அக்கா எங்கே அக்கா எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கால்வலி என்று சொன்னேன். தாலி கட்டுகிற நேரத்தில் கொழுந்தியாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் படிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

வந்ததிலிருந்து பழனியாத்தாள் காரைப் பற்றிக் கேட்பதில்லை. சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் காரணம் உங்கள் மேனேஜர் ஒரு லட்சத்துக்குப் பிடித்த பிடிவாதம். அவரிடம் இதைப் படித்துக் காட்டவும்.

பொங்கியண்ணன்


கோயமுத்தூர்
8 டிசம்பர் 2025

ஐயா,

படித்துக் காட்டினேன். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வேலை போய்விடும் என்பதால் எழுதவில்லை.

வருடக் கடைசி என்பதால் இந்த மாதம் மட்டும் மூன்று லட்சத்து அறுபதாயிரம் குறைக்க அனுமதி வந்திருக்கிறது. இந்த வருடம் தயாரான கார்களை ஜனவரிக்குள் விற்க வேண்டும் என்பதுதான் காரணம். ஒளிக்க எதுவும் இல்லை. வருடத்தில் இதைவிட நல்ல விலை எப்போதும் வராது. வெள்ளையில் ஒரு வண்டிதான் மீதி. அடுத்த வாரம் செவ்வாய் 16-ஆம் தேதி மார்கழி பிறக்கிறது. அதற்குள் எடுக்க வேண்டுமென்றால் இந்த வெள்ளிக்குள் பணம் கட்ட வேண்டும். நாற்பதாயிரத்துக்காக இதையும் விட்டுவிடாதீர்கள்.

மெர்சி


செலக்கரிச்சல்
13 டிசம்பர் 2025

மெர்சி அம்மணிக்கு,

பார்த்தீர்களா, ஒன்றரையில் ஆரம்பித்தவர்கள் மூணு அறுபதுக்கு வந்துவிட்டீர்கள். இன்னும் நாற்பதுதான். மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு குண்டூசிகூட வாங்கமாட்டோம். எங்கள் ஊரில் யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் அந்த வண்டியும் எங்கேயும் போகாது. தை முதல் தேதி, டிசம்பர் விலைக்கு, நாலு லட்சம் குறைத்து எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மேனேஜர் ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். தானாக இறங்குவார்.

பொங்கியண்ணன்


கோயமுத்தூர்
31 டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வெள்ளைக் கார் விற்றுவிட்டது. நேற்று டெலிவரி கொடுத்தோம். வாங்கியவர் திருமதி பழனியாத்தாள், செலக்கரிச்சல்.

அவர்தான் இதைத் தங்களுக்கு எழுதச் சொன்னார். "அவருகிட்ட நானு சொன்னா நம்பமாட்டாரு. நீயே எழுதிப்போடு கண்ணு. கடுதாசியில இருந்தாத்தான் அவருக்கு எதுவும் நெசம்" என்றார். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

போன புதன்கிழமை மத்தியானம் ஒரு ஆட்டோவில் வந்தார். சிங்காநல்லூருக்குக் கால் பயிற்சிக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர் நேராக அந்தக் காரின் முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார். "அவரு கூடப் பேசிப் பேசிக் கடைசியா எதுல வந்து நிக்குது?" என்று கேட்டார். மூணு அறுபது குறைத்து இவ்வளவு என்று சொன்னேன். "செரி, அதுக்கே போட்டுரு" என்றார். எனக்கே பதறிவிட்டது. மார்கழி அம்மா, அதுவும் இப்போது ராகுகாலம், ஒன்றரை மணிக்கு மேல் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். "நல்ல நேரம் பாத்துத்தானே கண்ணு இத்தனை மாசமா ஊட்டுல உக்கோந்திருக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவைக் கேட்டார்.

பணம் அவருடையது. அவர் பிறந்த வீட்டு நிலத்தில் வந்த பங்கு, அவர் பேரில் பேங்கில் இருந்தது. வண்டியும் அவர் பேரில்தான் பதிவாகியிருக்கிறது. கதிர் என்று ஒரு டிரைவரை மாதச் சம்பளத்துக்கு நான்தான் ஏற்பாடு செய்தேன்.

நேற்று சாவி வாங்கியதும் வீட்டுக்கா என்று கதிர் கேட்டார். "பவானிக்கு உடு" என்றார்.

மெர்சி


செலக்கரிச்சல்
3 ஜனவரி 2026

மெர்சி அம்மணிக்கு,

உங்கள் கடுதாசியை மூணு தடவை படித்தேன். மார்கழியில், ராகுகாலத்தில், பூஜை இல்லாமல், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் ஒரு கார். அதுவும் கேட்ட விலைக்கு. நாற்பது வருசமாக என்னோடு குடும்பம் நடத்தியவள் எதிரில் இருக்கிறவன் சொன்ன விலைக்கு 'செரி' என்று சொன்னாளா? ஒரு ஆயிரமாவது கேட்டுப் பார்க்கக்கூடாதா? நீங்களாவது ஒரு போன் செய்திருக்கக்கூடாதா? ஐந்து மாதமாகக் கட்டிக்கொண்டு வந்த பேரத்தை ஒரே மத்தியானத்தில் கவிழ்த்துப்போட்டீர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து.

அவள் செவ்வாய்க்கிழமையிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. போன் செய்தால் கொழுந்தியாள்தான் எடுக்கிறாள். "அக்கா வெளிய போயிருக்குதுங்க மச்சான்" என்கிறாள். காலையில் செய்தாலும் அதே பதில், சாயங்காலம் செய்தாலும் அதே பதில். எங்கே போயிருக்கிறாள் என்றால் "கார்லதானுங்க" என்கிறாள். ரசம் வைக்க எனக்குத் தெரியாது. பலசரக்குக் கடைக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். அங்கேயும் கார் எங்கே கார் எங்கே என்று கேட்கிறார்கள்.

அந்தக் காரில் ஒரு வசதி இருக்கிறது, வண்டி எங்கே நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம் என்று ஆடிப்பெருக்கு அன்று காட்டினீர்கள். அதைப் பார்த்து அவள் எங்கெங்கே போகிறாள் என்று எனக்கு எழுதவும். அவசரம்.

பொங்கியண்ணன்


கோயமுத்தூர்
6 ஜனவரி 2026

ஐயா,

அந்த வசதி ஓனருக்கு மட்டும்தான். நாங்கள் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஓனர் நீங்கள் இல்லை.

ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். சொல்லலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோ" என்று அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்.

புதன்கிழமை, கூடுதுறையில் கோயில். வியாழன், கோபியில் கல்யாணப் பெண்ணின் புகுந்த வீடு. சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டாராம். வெள்ளி, அந்தியூரில் கூடப் படித்த சிநேகிதி வீடு. அவர் போன வருடமே இறந்துவிட்டாராம், போன பிறகுதான் தெரிந்ததாம், மருமகளிடம் பேசிவிட்டு வந்தார். சனி, சத்தியமங்கலத்தில் சின்ன மாமா வீடு. ஞாயிறு எங்கேயும் போகவில்லை, தங்கச்சியோடு காருக்குள் ஏசியைப் போட்டு உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருந்தாராம்.

எப்போது வீட்டுக்கு வருவீர்கள் என்று கேட்டேன். "இன்னும் போறதுக்கு எடம் இருக்குது கண்ணு" என்றார்.

ஐயா, கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேளுங்கள். சிங்காநல்லூரிலிருந்து ஈரோட்டுக்கு அடிக்கடி பஸ் இருக்கிறது. அங்கிருந்து பவானி பக்கம்தான். என்னிடம் கேட்பதை நேரில் போய்க் கேளுங்கள்.

மெர்சி


பவானி
10 ஜனவரி 2026

மெர்சி அம்மணிக்கு,

பஸ்ஸில்தான் வந்தேன். ஜீப்பை எடுத்து வர மனசு வரவில்லை. வந்து இறங்கியபோது கார் வாசலில் வேப்பமர நிழலில் நின்றது. முன்சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், இறங்கவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றுதான் பேசினேன்.

முதலில் நாற்பதாயிரத்தைத்தான் கேட்டேன். வேறு எதையாவது கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்ததில் வாயில் அதுதான் வந்தது.

அவள் சத்தம் போடவில்லை. "கல்யாணத்தப்ப நீங்க ஒரு லச்சத்துக்குத்தானுங்க நின்னீங்க. அது கொறஞ்சா கொறையுது, இல்லீனா போகுது. என்ற தங்கச்சி மவ கழுத்துல தாலி ஏறறதை நானு பாக்கறது எத்தனை லச்சம்? உங்களுக்குத்தான் எல்லா வெலையும் தெரியுமே. ஆருகிட்டயாச்சும் கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றாள்.

தேங்காய், கொப்பரை, மாடு, நிலம் என்று எத்தனையோ கேட்டிருக்கிறேன். இதை யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லைங்க. வெயிலில் அப்படியே நின்றேன். கதிர் பின்கதவைத் திறந்துவிட்டான். ஏறி உட்கார்ந்தேன். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெருந்துறை தாண்டியபோது ரோடு மேடும் பள்ளமுமாக இருந்தது. அவள் ஒரு தடவைகூட முழங்காலைப் பிடிக்கவில்லை. பவானிக்கே திரும்பி வருகிற வரைக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தவளின் பின்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஆகஸ்டிலேயே எடுத்திருக்க வேண்டும்.

மேனேஜரிடம் சொல்லவும்: நான் இனி எதுவும் கேட்கவில்லை. முதல் சர்வீஸ் எப்போது என்று எழுதும்போது கடுதாசியை எனக்குப் போட வேண்டாம். பழனியாத்தாள் பேருக்கே போடுங்கள். இப்போதைக்கு விலாசம் பவானிதான்.

பொங்கியண்ணன்